டர்பனுக்குப் படிக்க வரும் தம்பிக்கு

பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் படிப்பில் சேரப்போகும் தம்பி ஒருவர் கேட்கிறார்: "அங்கே ஃப்ளூ அதிகமாமே அண்ணா, எப்படிச் சமாளிப்பது? மருந்து, அரிசி, கம்பளி எவ்வளவு கொண்டுவரட்டும்?" அரிசி, இங்கே இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். டர்பன் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். ஃப்ளூவுக்கு வருகிறேன்.

ஊரில் வெயில் கொளுத்தும் ஏப்ரல், மே மாதங்களில்தான் இங்கே அது தலைதூக்கும். ஜூன் தேர்வு நேரத்தில் ஆட்டிவைக்கும். தென் அரைக்கோளத்துக்கென்று உலக சுகாதார நிறுவனம் தனியாகப் பரிந்துரைக்கும் ஊசி மார்ச் வாக்கில் மருந்துக்கடைகளுக்கு வரும். வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள், எதிர்ப்புச் சக்தி உண்டாக இரண்டு வாரம் பிடிக்கும். ஈஸ்டருக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயில் கூட்டத்தில் நீங்களும் நிற்கத்தான் போகிறீர்கள், அதற்குள் முடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் மினிபஸ் டாக்சியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நெருக்கி உட்காருவார்கள். ஒரு விரற்கடை இறக்குங்கள். முறைப்பார்கள், முறைக்கட்டும்.

மருந்து விஷயத்தில் நம் ஆட்கள்மேல் எனக்குத் தீராத கோபம். பெட்டியைத் திறந்தால் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஆன்டிபயாடிக் அட்டைகள்! தும்மினால் இரண்டு விழுங்குவார்கள், மறுநாள் நிறுத்திவிடுவார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் கணினி வேலைக்கு வந்தவர்கள் இதில் மன்னர்கள். ஃப்ளூ வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதைத் தொடக்கூடச் செய்யாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் (கடையில் பனடோ என்று கேளுங்கள்), தண்ணீர், ஓய்வு. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தணிந்த காய்ச்சல் மறுபடி ஏறினாலோ உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். ஆஸ்துமா உள்ளவர் அதுவரை காத்திருக்கவே கூடாது. வைரஸுக்கான மருந்தை, அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இந்த நாட்டில் அது சாதாரணமாகக் காணும் நோய். மருத்துவக் காப்பீடு விசாவுக்கே கட்டாயம்; அந்த அட்டையைப் பெட்டியில் பூட்டாமல் பர்ஸில் வையுங்கள்.

நான் மாணவனாக வந்த வருடம் ஜூனில் படுத்தேன். அறையில் ஒரு கெட்டிலைத் தவிர எதுவும் இல்லை. ஊர்க்காரர்கள் தொலைபேசியில் கஷாயம் சொன்னதோடு சரி. கதவைத் தட்டியவர் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அந்தக் காலத்தில் இங்கே கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த தமிழர்களின் வழித்தோன்றல், தமிழில் பேச வராது. இவர்களைப் பார்த்து நம்மவர்கள் உதட்டைப் பிதுக்குவது எனக்குப் பிடிப்பதே இல்லை. அவர் தூக்குவாளியில் கொண்டுவந்த ரசத்தில் மிளகு ஒன்றிரண்டாக இடிபட்டு அடியில் தங்கியிருந்தது. காய்ச்சல் விட்டதும் ஆடிக் கூழ் கிளற என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். இப்போது அங்கே கரண்டி என் கையில்தான். கட்டி தட்டினால் திட்டும் எனக்குத்தான்.