பாறையில் தனியாக ஏற எந்தக் கயிறு வாங்கலாம்?

கேள்வி: பெங்களூருவில் வேலை பார்க்கிறேன். லீட் ஏறுவதற்காக (கயிற்றைக் கீழிருந்து கொண்டுபோய் வழியில் மாட்டிக்கொண்டே ஏறுவது) வாங்கிய 9.8 மி.மீ. டைனமிக் கயிறு, அதாவது நீண்டு கொடுக்கும் கயிறு, 60 மீட்டர் என்னிடம் இருக்கிறது. வார நாட்களில் கூட வர ஆள் கிடைப்பதில்லை. ராமநகரப் பாறைகளில் உச்சியில் ஆங்கர் (கயிற்றைத் தாங்கும் பிடிமானம்) கட்டி, கயிற்றைத் தொங்கவிட்டு, மேலே மட்டும் நகர்ந்து கீழே போகாமல் கயிற்றைக் கவ்வும் மைக்ரோ ட்ராக்ஷன் கருவியை மாட்டித் தனியாக ஏறிப் பழகலாம் என்றிருக்கிறேன். இந்தக் கயிறே போதுமா, அதிகம் நீளாத ஸ்டாட்டிக் கயிறு தனியாக வாங்க வேண்டுமா? ஸ்டாட்டிக்கில் விழுந்தால் முதுகு போய்விடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார்.

பதில்: வாங்குங்கள். நண்பர் சொல்வது லீட் ஏறுபவருக்கு முழு உண்மை. ஆங்கரைத் தாண்டி மேலே போய் விழும்போது, நீண்டு கொடுக்காத கயிறு அத்தனை அதிர்ச்சியையும் உடம்பில் இறக்கிவிடும். நீங்கள் செய்யப்போவதில் கயிறு எப்போதும் தலைக்கு மேலே இருக்கும். தொய்வு சேராமல் பார்த்துக்கொண்டால், கை வழுக்கினாலும் அது விழுவதாக இருக்காது, ஹார்னஸில் (இடுப்பில் கட்டும் பட்டை) உட்காருவதாகத்தான் இருக்கும்.

டைனமிக் கயிற்றில் சிக்கல் அதன் நீட்சி. 80 கிலோ எடை சும்மா தொங்கினாலே சிங்கிள் கயிறு 10 சதவீதம் வரை நீள ஐரோப்பியத் தரமான இ.என். 892 அனுமதிக்கிறது. 25 மீட்டர் பாறையின் அடியில் 8 சதவீதம் நீண்டால் 2 மீட்டர். தரையிலிருந்து ஆளுயரம் ஏறிக் கை நழுவினால் கயிறு பிடிப்பதற்குள் கால் தரையில் இடித்துவிடும். அதைவிட எனக்குப் பெரிய கவலை உச்சியின் விளிம்பு. ஒவ்வொரு முறை நீங்கள் தொங்கி எழும்போதும் நீளும் கயிறு அந்தக் கருங்கல் விளிம்பில் ரம்பம் போல முன்னும் பின்னும் உரசும். மேலே நின்று பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. ஸ்டாட்டிக் கயிற்றிலும் விளிம்புக்கு உறை போடத்தான் வேண்டும், ஆனால் உரசல் வெகுவாகக் குறையும்.

கடையில் ஸ்டாட்டிக் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் செமி-ஸ்டாட்டிக், அதாவது கொஞ்சம் மட்டும் நீளும் கயிறு. நமக்கு வேண்டியதும் அதுதான். கயிற்றின் முனைப் பட்டையில் இ.என். 1891, 'ஏ' வகை என்று இருக்கிறதா பாருங்கள். 10 மி.மீ. விட்டத்தில் எடுத்தால் கையாளச் சுகம். உங்கள் கருவியில் பொறித்திருக்கும் விட்ட வரம்புக்குள் வருகிறதா என்பதையும் சரிபாருங்கள். ஹார்டுவேர் கடை நைலான் கயிறு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வேண்டாம். யாரோ பயன்படுத்திய கயிறும் வேண்டாம், அதன் கதை நமக்குத் தெரியாது. 25 மீட்டர் பாறைக்கு 40 மீட்டராவது வாங்குங்கள். ஆங்கர் கட்டும் இடம் விளிம்பிலிருந்து பின்னால் தள்ளி இருக்கலாம்.

மிச்சப் பணத்தில் வேறு வகையான இரண்டாவது பிடிப்புக் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள், தயவுசெய்து. மைக்ரோ ட்ராக்ஷனில் கயிற்றைக் கவ்வும் பல்லைத் திறந்தபடியே நிறுத்தும் பூட்டு இருக்கிறது. சட்டை நுனியோ சுள்ளியோ பட்டு அந்தப் பூட்டு மாட்டிக்கொண்டால் கருவி பிடிக்காது. பல் உள்ள கருவி என்பதால் தொய்வோடு விழுந்தாலும் கயிற்றின் மேலுறையைக் கிழித்துவிடும். இந்த ஆபத்து உச்சியை நெருங்க நெருங்கக் கூடும், அங்கே அதிர்ச்சியை வாங்க மேலே கயிறு நீளமே இருக்காது. ஆங்கருக்கு மேலே ஏறவே கூடாது. கயிற்றின் அடியில் ஒன்றிரண்டு கிலோ எடை, தண்ணீர் பாட்டில் போதும், கட்டிவிட்டால் கருவி தானாக வழுக்கி மேலேறும், தொய்வு சேராது. ஏறும் கருவியிலிருந்து இறங்கும் கருவிக்கு மாறுவதைத் தரைக்குப் பக்கத்திலேயே பலமுறை செய்து பழகுங்கள்.

பழைய டைனமிக் கயிறும் வீணாகாது. அதையும் தனி ஆங்கரில் பக்கத்தில் தொங்கவிட்டு, சில மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஏற ஏற அதில் காராபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) மாட்டிக்கொள்ளலாம். புதிய கயிறு மட்டும் வேறு நிறத்தில் இருக்கட்டும். அவசரத்தில் பையிலிருந்து உருவி, லீட் ஏற அதைக் கட்டிவிடக் கூடாது.