டொயோட்டா ஹைலக்ஸ் விகோ டபுள் கெப் பிக்கப்பை 2 அங்குலம் உயர்த்த மலிவான கிட் எது?

பின்னுக்குப் பிளாக் (அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் வைக்கும் கட்டை) வேண்டாம், அந்தக் காசை லீஃப் ஸ்பிரிங்கில் (பின்பக்கப் பாரத்தைத் தாங்கும் இரும்புப் பட்டை அடுக்கு) போடுங்கள். முன்னுக்கு ஸ்பேசர் (உயரம் கூட்ட இடையில் வைக்கும் தட்டு) போதும். விகோவில் ஸ்ட்ரட்டுக்கு (முன் ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்த பகுதி) மேல் 1 அங்குல ஸ்பேசர் வைத்தாலே சக்கரத்தில் கிட்டத்தட்ட 2 அங்குலம் உயரும். ஆகவே 2 அங்குல ஸ்பேசரை வாங்கிவிடாதீர்கள்.

படுவான்கரையிலிருந்து நெல் மூட்டை ஏற்றி வரும்போது பின்பக்கம் குந்துகிறது என்கிறீர்கள். அநேகமாக லீஃப் களைத்திருக்கும். பிளாக் வைத்தாலும் அதே அளவு குந்தத்தான் செய்யும்.

வெறும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கர நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் இறங்கியிருந்தால் முதலில் அந்த லீஃப் செட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

உயர்த்திய பிறகு அலைன்மென்ட் கட்டாயம். ஜாக்கில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பாருங்கள். அப்புறம், லீஃப் கூட்டினாலும் வண்டிக்கு நிறுவனம் சொன்ன உச்சப் பாரம் அதேதான்.