17சி-யில் 612, இயந்திரத்தில் 662: ஹேக் செய்தார்களா?

இது ஹேக்கிங் போலத் தெரியவில்லை. காட்பாடியில் நீங்கள் முகவராக இருந்த சாவடியில் 17சி படிவத்தைவிட (சாவடியில் பதிவான ஓட்டுகளின் கணக்கு) வாக்கு இயந்திரம் சரியாக 50 ஓட்டு கூடுதலாகக் காட்டியது என்கிறீர்கள். காலையில் இயந்திரத்தைச் சோதிக்க நடத்தும் மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 ஓட்டு போடுவார்கள். அதை 'கிளியர்' செய்ய மறந்தால் அப்படியே சேர்ந்துவிடும்.

மாதிரி வாக்குப்பதிவுச் சான்றிதழை எடுங்கள். அதில் வேட்பாளர் வாரியாக உள்ள எண்ணிக்கையை இயந்திரக் கணக்கிலிருந்து கழியுங்கள். 612 வந்தால் காரணம் அதுதான். அந்தச் சாவடியின் விவிபேட் சீட்டுகளை (ஒவ்வொரு ஓட்டுக்கும் அச்சாகும் காகிதச் சீட்டு) எண்ணச் சொல்லி தேர்தல் அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள்.

தடயமின்றி ஹேக் செய்ய முடியுமா? 2010-இல் அரி பிரசாத், ஹால்டர்மன் ஆகிய கணினி ஆய்வாளர்களின் குழு பழைய இயந்திரமொன்றைத் திறந்து, நினைவகச் சில்லில் சிறு கருவியைக் கவ்வவைத்து ஓட்டுகளை மாற்றிக் காட்டியது. இயந்திரம் கையில் கிடைத்தால்தான் அது நடக்கும். இப்போது சீட்டை எண்ணினால் வெளிப்பட்டுவிடும். ஆனால் சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளின் சீட்டுகளைத்தான் எண்ணுகிறார்கள். எனக்கு அது போதாது.

கழித்தும் கணக்கு ஒத்துவராவிட்டால் தாமதிக்காதீர்கள். உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட முடிவு வந்ததிலிருந்து 45 நாள்தான் அவகாசம். 17சி நகலைப் பத்திரமாக வையுங்கள்.