ஓட்டக்காரியின் துடுப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 27. கல்லூரியில் 5000 மீட்டர் ஓடினேன். இப்போது சாலைப் போட்டிகளில் 10 கிலோமீட்டர். இந்த ஆண்டு சொத்தவிளைப் பக்கம் பயிற்சியைக் கூட்டினேன். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று இரவுச் சோற்றையும் நிறுத்தினேன். முழங்காலுக்குக் கீழே எலும்பில் மெல்லிய விரிசல் விழுந்துவிட்டது. ஓடக் கூடாது, உட்கார்ந்து செய்யும் பயிற்சி செய்யலாம் என்கிறார் டாக்டர்.

நாகர்கோவிலில் நான் போகும் ஜிம்மில், துடுப்பு வலிப்பதைப் போல உட்கார்ந்து இழுக்கும் ஒரு ரோயிங் மிஷின் யாரும் தொடாமல் கிடக்கிறது. இழுப்பின் கனத்தை மாற்றும் டேம்பர் என்ற நெம்புகோலை 10இல் வைத்து நிமிடத்துக்கு 36 தடவை இழுக்கிறேன். திரை 500 மீட்டருக்கு 2:45, அதாவது 2 நிமிடம் 45 நொடி, என்று காட்டுகிறது. பத்து நிமிடத்தில் இடுப்பு விட்டுப்போகிறது. என் தாத்தா கடியபட்டணத்தில் கட்டுமரம் வலித்தவர். எனக்கு ஏன் வரவில்லை? இது என்னை மறுபடி ஓட வைக்குமா, இதற்கென்று ஒரு போட்டி வாழ்க்கை உண்டா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

மிஷினுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த இரவுச் சோறு.

மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே அவரிடம் இதைச் சொல்ல வேண்டும். ஓடிச் செலவழிக்கும் அளவுக்கு உண்ணாத உடல், முதலில் மாதவிடாயைத் தள்ளிப்போடும், பிறகு நிறுத்தும். ஈஸ்ட்ரோஜன் குறையும். எலும்பின் அடர்த்தியும் கூடவே குறையும். அப்படி மெலிந்த எலும்பின் மேல் கிலோமீட்டரைக் கூட்டினால் விரிசல் விழத்தான் செய்யும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த ஆற்றல் பற்றாக்குறைக்குத் தனிப் பெயரே கொடுத்து, ஆண்களுக்கும் இது வரும் என்று எச்சரித்தது. இருந்தும் பெண் பிள்ளைகளிடம் “இன்னும் இரண்டு கிலோ குறை” என்று சொல்லும் பயிற்சியாளர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. மாதவிடாய் நின்றதைக் கடும் உழைப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ரோயிங் மிஷின் கால், முதுகு, கை என்று உடலின் பெரிய தசைகளையெல்லாம் ஒன்றாக வேலை வாங்கும். பட்டினியோடு அதில் உட்கார்ந்தால் விரிசல் ஆறுவதும் தள்ளிப்போகும். இரவில் சோறு சாப்பிடுங்கள். மரச்சீனிக்கிழங்கும் சாளைக் குழம்பும் சாப்பிடுங்கள். நம் ஊர்ச் சாப்பாட்டில் எலும்புக்கு வேண்டியது நிறையவே இருக்கிறது.

இனி மிஷின். உங்கள் தாத்தாவின் கட்டுமரத்தில் நகரும் இருக்கை கிடையாது. அவர் போகும் திசையைப் பார்த்தபடி தோளாலும் இடுப்பாலும் வலித்தார். இந்த மிஷின் வேறு வகைப் படகைப் பின்பற்றிச் செய்தது. அதில் முதுகு போகும் திசையைப் பார்த்திருக்கும், இருக்கை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும், விசையின் பெரும்பகுதி காலிலிருந்து வரும். நீங்கள் தாத்தாவைப் போலக் கையால் தொடங்குகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அதனால்தான் இடுப்பு கெஞ்சுகிறது. பாதத்தால் பலகையைத் தள்ளுங்கள். கால் ஏறக்குறைய நீண்ட பிறகுதான் உடல் இடுப்பு மூட்டிலிருந்து பின்சாய வேண்டும், கை கடைசியாக மடங்க வேண்டும். திரும்பும்போது வரிசை தலைகீழ்: கை நீளும், உடல் முன்சாயும், கடைசியில் முழங்கால் மடங்கும். முதுகை வளைத்துக் கூனிக்கொண்டு இழுக்காதீர்கள். துடுப்பு வீரர்களுக்கு அடிக்கடி காயம்படும் இடங்கள் கீழ்முதுகும் விலா எலும்பும்.

டேம்பரை 10இல் வைப்பது வீரமல்ல. அந்த நெம்புகோல் மிஷினின் விசிறிச் சக்கரத்துக்குள் எவ்வளவு காற்று நுழையலாம் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. காற்று கூடினால் சக்கரம் சீக்கிரம் வேகம் இழக்கும், ஒவ்வொரு இழுப்பும் கனமாகத் தொடங்கும். கான்செப்ட் 2 போன்ற மிஷின்கள் சக்கரம் வேகம் இழப்பதை அளந்து கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே 4இல் வைத்தாலும் திரை உங்கள் உழைப்பைக் குறைத்துக் காட்டாது. 3க்கும் 5க்கும் நடுவே வையுங்கள்.

36 தடவை என்பதையும் விடுங்கள். ஓட்டத்தில் நிமிடத்துக்கு 170, 180 அடி வைத்துப் பழகிய உடலுக்குச் சும்மா இருக்கும் கணம் பொறுக்காது. இங்கே அந்தக் கணம் தேவை. நிமிடத்துக்கு 20 போதும். தள்ள ஒரு பங்கு நேரம், திரும்ப இரண்டு பங்கு. இதே 2:45 அப்போது களைப்பில்லாமல் வரும், சில வாரங்களில் 2:30 ஆகும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நொடியையும் போராடித்தான் வாங்க வேண்டும். 500 மீட்டருக்கு 2:30 என்றால் சுமார் 104 வாட். 2:00 என்றால் சுமார் 203 வாட். நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி. வேகத்தின் மும்மடிக்கு ஏற்பச் சக்தி கூடுவதால் இப்படி.

மறுபடி ஓட முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், ஆனால் அந்த நாளை நினைத்துத்தான் எனக்குக் கவலை. இருதயமும் நுரையீரலும் மிஷினில் கெடாமல் இருக்கும். முதல் நாளே பத்து கிலோமீட்டர் ஓடலாம் என்று மூச்சு சொல்லும். எலும்போ இத்தனை வாரம் ஓர் அடியின் அதிர்ச்சியைக்கூட வாங்கியிருக்காது. ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. மிஷினில் அந்த அடி கிடையாது. விரிசலுக்கு நல்லதான அதே விஷயம், மறுபடி ஓடத் தொடங்கும்போது ஆபத்து. டாக்டர் அனுமதித்த பிறகும் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்றே தொடங்குங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள். எலும்பை விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் அன்று ஓட்டம் கிடையாது, மிஷின்தான்.

போட்டி வாழ்க்கை தாராளமாக உண்டு. உள்ளரங்கத் துடுப்பின் முக்கியத் தூரம் 2000 மீட்டர். உங்களைப் போன்ற ஒருவருக்கு அது எட்டு ஒன்பது நிமிட வேலை. 5000 மீட்டர் ஓடியவருக்குப் பழகிய வேதனைதான். உயரமும் எடையும் உள்ளவர்களுக்கு மிஷின் சாதகம் என்பது உண்மை. அதனால்தான் 61.5 கிலோவுக்கு உட்பட்ட பெண்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அதற்காக மறுபடி எடையைக் குறைக்க நினைக்காதீர்கள். தண்ணீரைப் பார்க்காத ஊர்க்காரர்களும் இந்த விளையாட்டில் வந்திருக்கிறார்கள். நாசிக் மாவட்டத்தின் வறண்ட கிராமம் ஒன்றில் பிறந்த தத்து போகனல், ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைத் தொட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் பிரிவில் 13ஆம் இடம், 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம்.

விரிசல் ஆறிவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை நிமிடத்துக்கு 20 தடவையைத் தாண்ட வேண்டாம். அதன் பிறகு முழு வேகத்தில் ஒரு 2000 மீட்டர் இழுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். டேம்பர் எண்ணையும், அன்றிரவு என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா