விக்டோரியா காலக் கதைகளில் வரும் தலைமுடி நகை உண்மையா? வீட்டில் செய்ய முடியுமா?

இறந்தவரின் முடியைப் பின்னிக் கையில் கட்டிக்கொள்வதாக இங்கிலாந்து சரித்திர நாவல்களில் வருகிறதே, அது கற்பனையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, உண்மைதான்.

வழக்கம் பழையது. ஆனால் 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு, விக்டோரியா ராணி 1901இல் தான் சாகும்வரை துக்க உடையிலேயே இருந்தார். நாடே துக்கச் சடங்குகளில் ஊறிய காலம் அது. பிள்ளைகளைப் பறிகொடுக்காத வீடு அரிது. முடி மட்டும் எளிதில் மக்காது, நிறமும் அப்படியே நிற்கும். நகைக்கடையில் கொடுத்தால் வேறு யாருடைய முடியையாவது வைத்துவிடுவார்களோ என்று பயந்து பல பெண்கள் தாங்களே பின்னினார்கள். அந்தப் பயத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும்.

செய்முறை இதுதான். முடியைச் சோடா கலந்த வெந்நீரில் அலசி எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பார்கள். சில இழைகளை எண்ணிச் சேர்த்து, ஒவ்வொரு புரியின் நுனியிலும் சின்ன ஈயக் குண்டு கட்டுவார்கள். நடுவில் ஓட்டையுள்ள வட்ட மேசையில் புரிகளைச் சுற்றிலும் தொங்கவிட்டு, எதிரெதிர்ப் புரிகளை இடம் மாற்றிக்கொண்டே போனால் நடுவில் பின்னல் கீழிறங்கும். அப்புறம் கொதிக்கவைத்து உலர்த்தினால் வடிவம் நிலைத்துவிடும்.

நீங்கள் முதலில் பட்டு நூலில் பழகுங்கள். ஜப்பானியர்களின் குமிஹிமோ பின்னலும் கிட்டத்தட்ட இதே முறைதான். அதற்கான வட்டத் தட்டே போதும். கை பழகியதும் குதிரை முடிக்குப் போகலாம். அது தடிமனானது, சுலபத்தில் அறாது.