கப்பலேறிய பெரிய தாத்தா

கேள்வி: என் தாத்தாவின் அண்ணன் 1920களின் கடைசியில் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போனார். நியூயார்க்கில் இறங்கியவர் திரும்பவே இல்லை. எங்கே தேடுவது?
- வாசகி, ராயபுரம்

பதில்: பயணிகள் பட்டியலில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அமெரிக்காவின் 1917 சட்டம் இந்தியர் அங்கே குடியேறுவதைத் தடுத்ததால், கப்பல் ஊழியராகப் போய்க் கரையில் நழுவியவர்கள் பலர். அவர்கள் பெயர் ஊழியர் பட்டியலில்தான் இருக்கும். ஃபேமிலிசர்ச் (FamilySearch) என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

சிக்கல் பெயரில்தான். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பா பெயரையே கடைசிப் பெயராக எழுதியிருப்பார்கள். இரண்டையும் மாற்றிப் போட்டு, நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேடுங்கள்.

அடுத்து 1930, 1940 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதில் கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பாராமல் இந்தியரைப் பொதுவாக 'இந்து' இனம் என்றே குறித்தார்கள்! 1950 கணக்கெடுப்பும் 2022இல் வெளியாகிவிட்டது. இரண்டாம் உலகப்போர் ராணுவப் பதிவு அட்டை கிடைத்தால் அதிர்ஷ்டம்: பிறந்த தேதி, ஊர், முகவரி, கையெழுத்து எல்லாம் அதில் உண்டு. வீட்டிலுள்ள பழைய கடிதக் கையெழுத்தோடு ஒப்பிடுங்கள். தேதி சந்தேகமானால், கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால், உங்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டை முதலில் பாருங்கள்.