வாசகர் கேள்வி–பதில்: கோப்பையில் நிற்பவர் யார்?

கேள்வி: நிலாவில் விண்வெளி வீரர் நிற்கும் படம் போட்ட பீங்கான் காபி கோப்பை ஒன்று எனக்குப் பரிசாக வந்தது. படத்துக்கு அடியில் 'நிலாவில் நீல் ஆம்ஸ்ட்ராங்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். என் மகளோ அது ஆம்ஸ்ட்ராங் இல்லை என்று அடித்துச் சொல்கிறாள். எது சரி?

பதில்: மகள் சொல்வதுதான் சரி. இடது முழங்கையை மடித்தபடி நேராக நம்மைப் பார்த்து நிற்கும் படம்தானே? அவர் ஆம்ஸ்ட்ராங்கோடு நிலாவில் இறங்கிய பஸ் ஆல்ட்ரின். 1969 ஜூலையில், அப்பல்லோ 11 பயணத்தில், அந்தப் படத்தை எடுத்தவர்தான் ஆம்ஸ்ட்ராங்.

ஆம்ஸ்ட்ராங்கும் அதே படத்தில் இருக்கிறார் என்பதை மகளுக்குக் காட்டுங்கள். ஆல்ட்ரினின் தலைக்கவச முகப்பில், வெயில் கூச்சத்தைத் தடுக்க மெல்லிய தங்கப் பூச்சு உண்டு. அதில் எதிரே இருப்பதெல்லாம் பிரதிபலிக்கிறது. அச்சு தெளிவாக இருந்தால் ஒரு பூதக்கண்ணாடி போதும்: அவர்கள் வந்திறங்கிய ஈகிள் கலம், கொடி, நடுவில் சிறிய வெள்ளை உருவம். அந்த உருவம்தான் ஆம்ஸ்ட்ராங். நிலாத் தரையில் பெரும்பாலான நேரம் கேமரா அவரிடமே இருந்ததால், அங்கே எடுத்த ஸ்டில் படங்களில் அவர் தென்படுவது மிகக் குறைவு. ஆல்ட்ரின் எடுத்த ஒரு படத்தில், கலத்தின் அருகே நமக்கு முதுகைக் காட்டியபடி வேலை செய்துகொண்டிருப்பார்.

உடையை வைத்து இருவரையும் பிரித்தறியவும் வழியில்லை. கமாண்டரின், அதாவது பயணத் தலைவரின், உடையில் சிவப்புப் பட்டை போடும் வழக்கம் அப்பல்லோ 13-இல்தான் வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் கோப்பையில் அவர் தலைக்கு மேலே தாராளமாகக் கறுப்பு வானம் இருக்கிறதல்லவா? மூலப் படத்தில் அது கிடையாது. ஆல்ட்ரினின் தலையை ஒட்டியே சட்டகம் முடிந்துவிடுகிறது. கேமராவை மார்பில் பொருத்தி, காட்சியைப் பார்த்துக் குறிவைக்க உதவும் வியூஃபைண்டர் இல்லாமல் குத்துமதிப்பாகக் குறிவைத்து எடுத்த படம் அது. வெளியிடும்போது நாசா மேலே கறுப்பைச் சேர்த்து, சாய்வையும் சரிசெய்தது. படத்தின் மேல் சின்னஞ்சிறு கூட்டல் குறிகள் தெரிந்தால் அவற்றை அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். தூரத்தையும் அளவையும் கணக்கிடுவதற்காகக் கேமராவுக்குள் இருந்த கண்ணாடித் தகட்டில் பொறித்த குறிகள் அவை.

தவறான பெயரைப் போட்டு விற்கிறார்களே, அதில் எனக்கு வருத்தம் உண்டு. எடுத்தவரின் பெயரை நிற்பவருக்குச் சூட்டினால், இருவர் செய்த வேலையும் மறைந்துபோகிறது.

கேள்வி: என்னிடமும் அப்படி ஒரு கோப்பை இருக்கிறது. கறுப்பு வானம் பழுப்பாக வெளுத்துவருகிறது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில்தான் போடுகிறேன். மீட்க முடியுமா?

பதில்: வெளுத்தது வெளுத்ததுதான். இனிமேல் மிருதுவான பஞ்சில் கையால் கழுவுங்கள், இருப்பதாவது நிலைக்கும்.

இது சப்ளிமேஷன் முறையில் அச்சிட்டதாக இருக்க வேண்டும். படத்தைத் தாளில் இடவலம் மாற்றி அச்சிட்டு, கோப்பையைச் சுற்றி ஒட்டி, ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில நிமிடங்கள் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகி உள்ளே இறங்கும். ஆனால் அது இறங்குவது பீங்கானுக்குள் அல்ல, அதன் மேல் பூசியிருக்கும் பாலிமர் பூச்சுக்குள். இயந்திரத்தின் காரமான சோப்பும் நீண்ட நேரச் சூடும் அந்தப் பூச்சைத்தான் தாக்குகின்றன. சாயம் அடர்ந்திருக்கும் கறுப்பில் அது முதலில் கண்ணில் படும்.

விண்வெளி வீரரின் வெள்ளை உடை மட்டும் அப்படியே பளிச்சென்று இருக்கிறதா? இந்த முறையில் வெள்ளை மை கிடையாது. அந்த வெள்ளை, சாயம் படாத கோப்பையின் நிறமே. வெளுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

அடுத்து வாங்கும்போது, சூளையில் சுட்ட அச்சா என்று கேளுங்கள். பீங்கான் நிறமிகளை 800 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் மெருகோடு சேர்த்து உருக்கிய படம் நெடுநாள் உழைக்கும். பெரும்பாலும் படத்தின் விளிம்பு விரலில் லேசாகத் தட்டுப்படும்.

கேள்வி: நிலாவின் விளிம்புக்கு மேல் பூமி எழும் படத்தை அச்சிட்டு நண்பருக்குத் தர விரும்புகிறேன். அச்சிடுபவர், வானம் வெறுமையாக இருக்கிறது, நட்சத்திரங்களைச் சேர்க்கட்டுமா என்கிறார். அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா?

பதில்: நாசா எடுத்த படங்களுக்குப் பொதுவாகக் காப்புரிமை இல்லை, ஒரு பரிசுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நாசாவின் சின்னத்தை மட்டும் சேர்க்காதீர்கள், அதற்கு அனுமதி வேண்டும்.

நட்சத்திரங்கள் வேண்டவே வேண்டாம். 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8-இலிருந்து வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த படம் அது. பூமியும் நிலாவும் முழு வெயிலில் இருந்ததால், ஒரு நொடியில் 250-இல் ஒரு பங்கு நேரமே ஒளியை உள்ளே விட்டார். அந்த நேரத்தில் நட்சத்திரம் ஃபிலிமில் பதியாது. அந்தக் கறுப்பு உண்மையானது, அதைக் கெடுக்காதீர்கள்.

மூலப் படம் சதுரம், கோப்பையைச் சுற்றும் பகுதி நீளம். படத்தை இழுக்காமல், இருபுறமும் வெறும் கறுப்பை நீட்டச் சொல்லுங்கள். 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு 2,400 பிக்சல் அகலமாவது இருந்தால் தெளிவாக வரும். நண்பர் வலது கைக்காரர் என்றால், கைப்பிடி வலப்பக்கம் இருக்கும்போது பூமி அவர் பக்கம் வரட்டும். அடியில் சிறிய எழுத்தில் ஆண்டர்ஸின் பெயரையும் ஆண்டையும் போடுங்கள்.